ஊசி இறங்கிய காடு

நீர்மாலைக் குடத்தோடு சுடலை தெருமுனை திரும்பியபோது, வாகை மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. செத்தவளைக் குளிப்பாட்ட மகன் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால் தெருவே எழுந்து நின்று வாய்விட்டு அழ வேண்டும். அதுதான் முறை. கொட்டுக்காரர்கள்கூட அந்த அழுகைக்கு இடம் விட்டுக் கொஞ்சம் கையை நிறுத்திக்கொள்வார்கள். அன்றைக்கும் நிறுத்தினார்கள். நிறுத்தியதுதான் வினையாய்ப் போயிற்று. தெருவில் ஒரு சத்தம் இல்லை. சுடலையின் ஈரவேட்டி சொட்டுவது மட்டும் கேட்டது.

மொத்தம் இருபது பெண்கள். செத்துப்போன சோணையம்மாளையும் அவள் மருமகள் தங்கப்பொண்ணையும் சேர்த்தால் இருபத்திரண்டு. கீழத்தெருவின் களையெடுக்கும் கூட்டம் அது. சோணையம்மாள்தான் அதற்குக் கொத்துக்காரி. ஆள் கூட்டிப்போவதும், கூலி பேசி வாங்கிப் பங்கு வைப்பதும் அவள்தான். நாகமலைக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவில் இருக்கிற செவக்காட்டுக் கடலையில் முப்பது வருஷமாக அவள் குந்தி நகராத இடம் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் செத்துக் கிடக்கிறாள். கூடவே நகர்ந்த இருபது பேரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வாசலைத் தாண்டாமல் எதிர்த்த மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சுடலை குடத்தை இறக்கி வைத்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு தங்கப்பொண்ணு நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"ஏன் அங்குட்டே உக்காந்திருக்காக?" என்றான் தாழ்ந்த குரலில்.

"நீயே போயிக் கேளு. எனக்காகவா வராம இருக்காக?"

போனான். ராக்கம்மாளின் முன்னால் நின்றான். சோணையம்மாளுக்கு அடுத்தபடி கூட்டத்தை நடத்தியவள் அவள்தான். வாயில் போட்ட வெற்றிலையை மென்றுகொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னாத்தா, எந்திரிச்சு வாங்க. ஆத்தாளைக் குளிப்பாட்டணும்."

"குளிப்பாட்டுவோம். நாங்க குளிப்பாட்டாம வேற யாரு குளிப்பாட்டுவா? அதுக்கு முந்தி நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அந்தப் பல்லுக்கலப்பையை இனிமே தொட மாட்டேன்னு சொல்லு. ஒன் ஆத்தா மொகத்தைப் பாத்துச் சொல்ல வேணாம். அந்த யோக்கியதை ஒனக்கு இல்ல. எங்க மொகத்தைப் பாத்துச் சொல்லு போதும்."

ஒரு பெண்பிள்ளையின் ஒப்பாரிகூட இல்லாமல் ஆத்தாளைத் தூக்கிப்போனால் அதைவிடக் கேவலம் இல்லை. அநாதைப் பிணத்துக்குத்தான் அப்படி நடக்கும். கலப்பையைத் தொட மாட்டேன் என்று சொன்னாலோ சோறு இல்லை. சுடலை மேலத்தெரு வெள்ளைத்துரையின் பண்ணையாள். குடிசை அவர் இடத்தில் இருந்தது. மாதம் பிறந்தால் அளந்து போடுகிற கம்பும் அவருடையது. இந்த இரண்டில் ஒன்றை அவன் அந்த மரத்தடியிலேயே முடிவு செய்ய வேண்டும். உள்ளே ஈ மொய்க்க ஆத்தா காத்துக்கிடந்தாள்.

அந்தக் கலப்பை வந்த கதையைச் சொல்லாவிட்டால் ராக்கம்மாளை வன்மம் பிடித்தவள் என்று நினைக்கத் தோன்றும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்புவரை வெள்ளைத்துரையின் பன்னிரண்டு ஏக்கர் காட்டிலும் கடலையைக் கையால் தூவித்தான் விதைப்பார்கள். செடி அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். நடுநடுவே களை முளைக்கும். இருபதாம் நாள் ஒரு களை, நாற்பதாம் நாள் ஒரு களை. கைக்கொட்டு என்கிற களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு பேரும் ஓரத்திலிருந்து ஓரம்வரை குந்தியபடியே போவார்கள். ஒரு தடவைக்கு எட்டு நாள் வேலை. கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். கொத்திய பண்ணைக்கீரையும் சாரணையும் மடியில் ஏறும். அருகம்புல் ஆட்டுக்குப் போகும். காட்டுக்காரருக்குக் களையாக இருந்தது கீழத்தெருவில் குழம்பாகக் கொதித்தது. ஆவணி புரட்டாசியில் அந்தத் தெருவில் ஒரு பிள்ளை வெறுங்கஞ்சி குடித்ததில்லை.

அப்புறம் மதுரையிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். நல்ல மனுஷர்தான், வெயிலில் தலைப்பாகைகூட இல்லாமல் நின்றார். கயிறு பிடித்து, உழவுசால் பின்னாலேயே வரிசையாகக் கடலையைப் போடச் சொன்னார். வரிசைக்கு வரிசை மாடு நடக்க இடம் விட வேண்டும். ஐந்து இரும்புப் பல் வைத்த கலப்பை ஒன்றைக் காட்டினார். மாட்டுக்கு வாய்க்கூடை கட்டி அந்த இடைவெளியில் ஓட்டினால் களை வேரோடு புரண்டுவிடும். எட்டு நாள் வேலை மூன்று நாளில் முடிந்துபோகும். பூவெடுத்து, அதன் அடியிலிருந்து நீண்டு மண்ணுக்குள் போய்க் காயாகிற காயூசி இறங்குவதற்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் மண்ணைக் கிளறினால் ஊசி அறுந்து காயே பிடிக்காது என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். வெள்ளைத்துரைக்கு மூன்று நாள் என்றது மட்டும் காதில் ஏறிற்று.

கலப்பை பிடிக்கச் சுடலையைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். கோணாமல் ஓட்ட அவனை விட்டால் ஆள் இல்லை. சுடலைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன். ஆபீசர் அவன் தோளில் தட்டி, "நல்ல கைப்பா ஒனக்கு" என்று சொன்னதை ஒரு மாதம் சொல்லித் திரிந்தான். ஆத்தாளிடமும் சொன்னான். சோணையம்மாள் கேட்டுக்கொண்டாள். "நீ ஒன் வேலையைப் பாக்குற. ஒன்னைய என்ன சொல்ல இருக்கு" என்றாள். மகனை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தெருவில் யாராவது அவனை ஏசினால் அவள்தான் மல்லுக்கு நின்றாள். கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நெல்லுக்குக் களையெடுக்க வண்டியூர்ப் பக்கம் போனாள், ஆனையூர்ப் பக்கம் போனாள். எங்கள் ஊர்க் களைக்கு எங்கள் ஊரில் ஆள் இல்லையா என்று அங்கே விரட்டினார்கள். ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றார்கள்.

போன வருஷம்தான் எல்லாம் கெட்டது. ஆவணியில் விடாமல் தூறல். சேற்றில் மாட்டை இறக்க முடியவில்லை. வெயில் வந்தபோது கடலைக்கு அறுபது நாள் ஆகியிருந்தது. கோரை முழங்கால் உயரம் நின்றது. அன்றைக்கே கலப்பையை இறக்கு என்று வெள்ளைத்துரை வரப்பில் வந்து நின்றுவிட்டார். இரண்டாவது சுற்று ஓட்டும்போது சோணையம்மாள் எங்கிருந்தோ ஓடிவந்து மாட்டுக்கு முன்னால் நின்றாள்.

"நிப்பாட்டுடா. ஊசி இறங்கிருச்சு. கலப்பையும் வேணாம், கொட்டும் வேணாம். கையாலயே பிடுங்கணும். நாங்க வந்து பிடுங்கித் தாரோம். கூலி பெறகு பேசிக்கிருவோம்."

சுடலை முதலாளியைப் பார்த்தான். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு முன்னால் ஆத்தா இப்படி வந்து நின்றது அவனுக்கு மானம் போன மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தில்தான் அதைச் சொன்னான்.

"வழி விடு ஆத்தா. கூலி போன வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்ததைப் பேசாத."

சொல்லிவிட்டு மாட்டை அதட்டினான். சோணையம்மாள் ஒதுங்கி வழி விட்டாள். வேறொன்றும் நடக்கவில்லை.

கார்த்திகையில் செடியைப் பிடுங்கியபோது பன்னிரண்டு ஏக்கரிலும் வெறும் வேர். செடிக்கு இரண்டு காய், மூன்று காய். தான்தான் கெடுத்தோம் என்று வெள்ளைத்துரை ஒப்புக்கொள்வாரா? கீழத்தெருப் பொம்பளைகளின் கண்ணு பட்டுக் காடு கருகிவிட்டது என்றார். அறுவடை முடிந்த காட்டில் தப்புக்கடலை பொறுக்க அவர்களுக்கு இருந்த பாத்தியத்தையும் நிறுத்திவிட்டார். சுடலை அங்கேதான் நின்றான். ஆத்தா சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிலிருந்து சோணையம்மாள் அதே குடிசையில் தனி அடுப்பு மூட்டினாள். மகன் கொண்டுவந்த கம்பை அவள் தொடவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று சுடலைக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது. ஆறு நாளைக்கு முன்னால் காய்ச்சலில் விழுந்தாள். கஞ்சி கொண்டுபோய்க் கிட்டே உட்கார்ந்தான். அவள் மெதுவாக முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் தொண்டை இழுத்தபோதும் ராக்கம்மாள் கையால்தான் தண்ணீர் இறங்கிற்று. பெற்ற மகன் சொம்போடு அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

இப்போது ராக்கம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லேன்யா" என்றாள் பின்னாலிருந்து தங்கப்பொண்ணு. அவளும் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. "இதுக்குமா யோசிக்கணும்?"

"தொட மாட்டேன்" என்றான் சுடலை.

"சத்தமாச் சொல்லு."

"இனிமே அந்தக் கலப்பையைத் தொட மாட்டேன், சின்னாத்தா."

ராக்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். வாசலில் அவள் போட்ட சத்தத்தில் கொட்டுக்காரர்களே ஒரு அடி பின்வாங்கினார்கள். இருபது பேரும் ஓடினார்கள். அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரே மூச்சில் வெடித்தது. வட்டமாய் நின்று மாரில் அடித்துக்கொண்டார்கள். சோணையம்மாள் கொட்டுப் பிடித்த கையைச் சொல்லி அழுதார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்குத் தன் நிழலைக் கொடுத்துத் தான் வெயிலில் நகர்ந்ததைச் சொல்லி அழுதார்கள், முதலாளியிடம் ஒரு படி கூடுதலாகக் கேட்டு வாங்கிய சாமர்த்தியத்தைச் சொல்லி அழுதார்கள். சுடலையும் அழுதான். ஒரு வருஷமாக வராத அழுகை அது. வெட்கமில்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மத்தியானத்துக்குள் தூக்கினார்கள். அந்தத் தெரு வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். இடுகாட்டில் நாவிதர் அவன் தலையை மழித்தார். குடம் உடைத்தான். மூன்று கை மண் தள்ளினான். குழி மூடியது. வானம் அன்றைக்கென்று பளிச்சென்று வெளுத்துக் கிடந்தது. பத்து நாளாகப் பிடித்த மழை விட்டு, செம்மண் மேலாகக் காய்ந்திருந்தது. குளித்துவிட்டுத் திரும்பும்போது வண்டிப்பாதையில் சின்னக்கருப்பன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைத்துரை பண்ணையின் மூத்த ஆள். ஒரே தெருக்காரன்தான், காலையிலேயே வந்து பாடையும் கட்டியவன். இடுகாட்டுக்கு மட்டும் வரவில்லை. ஏன் என்று இப்போது தெரிந்தது.

"மாப்ள, கூப்புடுறாரு" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"எங்க?"

"காட்டுக்குத்தான். மண்ணு காஞ்சிருச்சு, நாளைக்கு அமாவாசை, மழை மறுபடி பிடிச்சுக்கிரும்ங்கிறாரு. இன்னைக்கு முப்பத்தெட்டு நாளு. போன வருசம் மாதிரி ஆகிறக் கூடாதாம். மாட்டைப் பூட்டி வச்சிருக்கேன்."

சுடலை தன் மழித்த தலையைத் தொட்டுக் காட்டினான். "தீட்டு, மாமா. கடலை பூவுல இருக்கு."

"நானும் சொன்னேன். குளிச்சிட்டான்ல, அப்புறம் என்னடா தீட்டுங்கிறாரு."

சுடலைக்குச் சிரிப்பு வந்தது. அவன் அப்பன் செத்த வருஷம் இதே பூப்பருவம்தான். வீட்டில் குழந்தை குட்டிக்குக் கஞ்சி இல்லை. ஆத்தா பத்தாம் நாளே களைக்குப் போய் நின்றாள். தீட்டுக்காரி பூவெடுத்த காட்டில் கால் வைத்தால் காய் பிடிக்காது என்று வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் இதே வெள்ளைத்துரைதான். பதினாறும் கழித்து வா என்றார். அப்போது கடலைக்கு அவசரம் இல்லை. சோணையம்மாளின் அவசரம் அவருக்கு எதற்கு?

"வர முடியாதுன்னு சொல்லிருங்க, மாமா."

"சொல்றேன். அவரு என்ன சொல்லுவாருன்னும் ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். குடிசையைக் காலி பண்ணச் சொல்லுவார். சுடலையும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன். சின்னக்கருப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான், மறுபடி கட்டிக்கொண்டான். சுடலை தெருப்பக்கம் ஒரு தரம் பார்த்தான். வாசலில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் தலைமுழுகப் போயிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஓட்டிவிட்டுத் திரும்பிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வந்ததும் கால் காட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அவனுடைய கோழைத்தனத்துக்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. தொட மாட்டேன் என்று சொல்லி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

வெள்ளைத்துரை குடையோடு வரப்பில் நின்றார். "வந்துட்டியா" என்றார். ஆத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார் என்றும் சொல்ல வேண்டும். "எம்புட்டு வயசிருக்கும் ஒங்காத்தாளுக்கு?" என்றார். "தெரியாதுங்க, அய்யா" என்றான் சுடலை. "பாவம்" என்றார். அப்புறம் மாட்டைக் காட்டினார்.

கலப்பை பிடித்தான். ஈரவேட்டி காலில் ஒட்டியது. வடகோடிவரை போய்த் திரும்பினான். சாரணையும் அருகும் புரண்டு விழுந்தன. கை அது பாட்டுக்கு வேலை செய்தது. திரும்பி வருகிறபோது மேற்குப் பக்கத்துச் செடி ஒன்று பல்லில் மாட்டி மண்ணோடு சரிந்தது. அதை நிமிர்த்தக் குனிந்தான். செடியின் அடியில் மண்ணுக்குள்ளிருந்து பெயர்ந்து வந்த நாலைந்து காயூசிகள் தொங்கின. நகக்கண் அளவு நுனி வெள்ளையாய்ப் பருக்கத் தொடங்கியிருந்தது.

பக்கத்துச் செடியின் மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தான். அங்கேயும் இறங்கியிருந்தது. நாலு வரிசை தள்ளிப் போய்ப் பார்த்தான். அங்கேயும் அப்படித்தான். முப்பத்தெட்டு நாளில் எப்படி? அப்போதுதான் உறைத்தது. இந்த வருஷம் வெள்ளைத்துரை கொடிக்கடலையை விட்டுவிட்டார். சீக்கிரம் விளையும், வியாபாரி கேட்கிறான் என்று கொத்துக்கடலை விதை வாங்கிப் போட்டிருந்தார். இது முந்திப் பூக்கும், முந்தி ஊசி இறக்கும். எல்லோரும் பழைய கணக்கிலேயே நாளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாளை எண்ணாமல் செடியைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருத்தியை இப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருந்தான்.

"ஏன்டா நிப்பாட்டுன?"

சுடலை நிமிர்ந்தான். ஓட்டிவிடலாமா என்று ஒரு கணம் ஆங்காரம் வந்தது. இவர் சொல்லித்தானே ஓட்டுகிறேன், பன்னிரண்டு ஏக்கரும் போகட்டும், மண்ணைத் தின்னட்டும். பல்லைக் கடித்தான். காடு போனால் பழி எங்கே விழும் என்றும் அவனுக்குத் தெரியும். செத்தவளின் ஆவி என்பார்கள். தீட்டு என்பார்கள். கீழத்தெரு என்பார்கள். பெண்களுக்குக் கடலை பிடுங்குகிற வேலையும் போகும்.

"ஊசி இறங்கிருச்சு, அய்யா" என்றான்.

வெள்ளைத்துரை அவனைப் பார்த்தார். போன வருஷம் அதே வரப்பில் அதே வார்த்தையைக் கேட்டவர். பிறகு குடையை மடக்கிச் சின்னக்கருப்பன் கையில் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார். தானே ஒரு செடியைப் பிடுங்கினார். மண்ணைத் தட்டி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாட்டை வெளிய ஓட்டு" என்றார். "சின்னக்கருப்பா, பொம்பளைகளைக் கூட்டியா. அம்புட்டுப் பேரையும். கொட்டு வேணாம், கையாலயே பிடுங்கணும்னு சொல்லு."

"இழவு வீட்டுப் பொம்பளைங்க, அய்யா..."

"தலை முழுகிட்டாகள்ல. வெரசாப் போ. கூலி கூடப் போட்டுத் தாரேன்னு சொல்லு."

கையாலயே பிடுங்கணும். ஆத்தா சொன்ன அதே சொல் இப்போது அவர் வாயிலிருந்து வந்தது. சுடலைக்கு ஒரு ஆசையும் வந்தது. பெண்கள் வருவார்கள். வேலை கிடைக்கும். நான்தான் நிறுத்தினேன் என்று தெரிந்தால் ராக்கம்மாள் ஒரு வார்த்தை பேசுவாள். தங்கப்பொண்ணு பேசுவாள். மாட்டை அவிழ்த்து ஓரத்தில் கட்டிவிட்டு, வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வந்தார்கள். இருபத்தொரு பேர். தலைமுழுகிய ஈரம் காயாமல் முடிச்சுப் போட்ட முடி. தங்கப்பொண்ணும் வந்திருந்தாள். இழவு வீட்டு மருமகள் விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள். மூன்று வருஷம் கழித்துக் கூப்பிட்ட களை வேலைக்கு வராமல் இருக்க யாரால் முடியும்? வரப்பில் வந்து நின்றவர்களின் கண் முதலில் காட்டின் மீது போகவில்லை. ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த கலப்பைக்குப் போயிற்று.

"நானே பிடுங்கிப் பாத்துட்டேன்" என்றார் வெள்ளைத்துரை. "ஊசி இறங்கிருக்கு. கலப்பை ஆகாது. செடி அசையாமப் பிடுங்கணும், பாத்துக்கங்க."

சுடலை வாயைத் திறந்தான். நான்தான் பார்த்தேன், நான்தான் சொன்னேன். அதைத்தான் சொல்ல வந்தான். முதலாளியின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான். போன வருஷமும் இப்படித்தான் மூடிக்கொண்டான்.

ராக்கம்மாள் கலப்பையின் அருகே போனாள். குனிந்து ஒரு பல்லை விரலால் தொட்டாள்.

"மண்ணு இன்னும் ஈரமா இருக்கே, சுடலை" என்றாள்.

அவன் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எறங்குங்கடி" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

தங்கப்பொண்ணு அவன் பக்கத்தில்தான் கடந்துபோனாள். அவன் தோள் அவள் மேல் பட்டது. கல்லிலோ மரத்திலோ பட்டதைப் போலத்தான் அவள் போனாள்.

ஆளுக்கு ஒரு வரிசையாகக் குந்தினார்கள். வலதுகை ஓரத்து முதல் வரிசை காலியாகக் கிடந்தது. அது கொத்துக்காரியின் வரிசை. அவளிடமிருந்துதான் கூட்டம் வேகம் பிடிக்கும். கொத்துக்காரி செத்தால் பதினாறு கழிகிறவரை அந்த வரிசையில் யாரும் உட்காருவதில்லை என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வரிசையில் ராக்கம்மாள் குந்தினாள். மற்றவர்கள் அவளுக்கு இடப்பக்கமாகப் போனார்கள்.

"அந்த ஓரத்து வரிசையை ஏன் விட்டீக?" என்றார் வெள்ளைத்துரை.

இருபத்தொரு முதுகும் குனிந்து நகரத் தொடங்கின.

"ஏய், ஒங்களைத்தான். அதை யாரு பிடுங்குறது?" அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். கண் சுடலையின் மேல் விழுந்தது. "நீ சும்மாத்தான நிக்கிற. அதுல நீ உக்காரு."

களை பிடுங்குவது ஆண்பிள்ளை வேலை இல்லை. பண்ணையில் எந்த ஆணையும் அப்படி உட்காரச் சொன்னதும் இல்லை. ஆனால் சுடலைக்கு அது தோன்றவில்லை. ஆத்தாளின் வரிசை என்பது தோன்றிற்று. அதில் உட்கார இந்தக் காட்டில் தன்னைவிட லாயக்கில்லாதவன் யாரும் இல்லை என்று தோன்றிற்று. ராக்கம்மாளைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையை அசைத்தால்கூடப் போதும், நின்றுவிடுவான். அவள் நிமிரவில்லை.

போய்க் குந்தினான். மழித்த தலையில் வெயில் சுள்ளென்று இறங்கியது. இடது கை விரலிரண்டால் கடலைச் செடியின் அடியை அழுத்திக்கொண்டு, வலது கையால் களையைத் தன் பக்கம் இழுத்துப் பிடுங்குவாள் ஆத்தா. சின்ன வயதில் அவள் முதுகில் கட்டுண்டு கிடந்து பார்த்தது. அதே மாதிரி பிடித்தான். கோரை பாதியில் அறுந்து கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. விரலை விட்டுத் தோண்டினான். கிளறக்கூடாது என்று ஆபீசர் சொன்னது நினைவு வந்து கையை எடுத்தான். பெண்கள் பத்தடி போயிருந்தார்கள். அவசரப்பட்டு அடுத்த கோரையை முழுப்பிடியாகப் பிடித்து இழுத்தான். கோரையோடு கடலைச் செடியும் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. வேரில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்தது. அடியில் காயூசிகள் அறுந்து, சில மண்ணிலும் சில செடியிலுமாக நின்றன.

ராக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபின் தன் வரிசையில் நகர்ந்தாள்.

சுடலை கோரையைப் பிரித்து எறிந்தான். செடியைக் குழியிலேயே திரும்ப வைத்து, இரண்டு கையாலும் மண்ணைச் சேர்த்து அணைத்து அமுக்கினான். கையை எடுத்தான். செடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தி இன்னும் கொஞ்சம் மண் தள்ளி அமுக்கினான். கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது. முன்னால் இருபத்தொரு பேரும் நடுக்காட்டுக்குப் போய்விட்டார்கள். வரப்பிலிருந்து வெள்ளைத்துரை என்னவோ சொன்னார். சுடலை செடியை இரண்டு கையாலும் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.